துணைக்கு ஓர் ஆண்: ஒரு மறுப்பை வாசித்தல்

2019 ஜூலையில் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவரிடம், பிரச்சாரப் பயணத்தில் ஒருநாள் உடன்வர ஒரு பத்திரிகையாளர் அனுமதி கேட்டார். வரலாம், ஆனால் துணைக்கு ஓர் ஆண் சக ஊழியரை அழைத்து வர வேண்டும் என்று பதில் வந்தது. கேட்டவர் பெண்.

மறுத்தவர் ராபர்ட் ஃபாஸ்டர், குடியரசுக் கட்சியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். கேட்டவர் லாரிசன் கேம்ப்பெல், 'மிஸிஸிப்பி டுடே' செய்தி நிறுவனத்தின் நிருபர். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சருக்கு ஒப்பான பொறுப்பு. கேம்ப்பெல் கேட்டது 15 மணி நேரப் பயணம். வேட்பாளரின் வண்டியிலேயே ஊர் ஊராகப் போய், அவர் மக்களிடம் பேசுவதையும் இடைவெளிகளில் பேசாமல் இருப்பதையும் பார்த்து எழுதுவது அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வழக்கமான ஒன்று.

மறுப்பு முதலில் பிரச்சார இயக்குநர் வழியாகத் தொலைபேசியில் வந்தது. எதிர்த்தரப்பினர் கேமராவோடு பின்தொடர்கிறார்கள், வேட்பாளர் ஒரு பெண்ணோடு இருக்கும் படம் வெளியானால் அதை வைத்துக் கதை கட்டுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கேம்ப்பெலும் அவருடைய ஆசிரியரும் இந்த நிபந்தனையை ஏற்கவில்லை. இது பால் பாகுபாடு என்றார்கள். அனுபவமுள்ள ஒரு நிருபருக்குக் காவலாக இன்னொருவரின் உழைப்பை வீணாக்க முடியாது என்றார்கள். கேம்ப்பெல் நடந்ததை அப்படியே செய்தியாக எழுதினார். அதன் பிறகு ஃபாஸ்டர் தன் பெயரில் ட்விட்டரில் ஒரு குறிப்பு வெளியிட்டார். இந்தக் கட்டுரை அந்தச் சில வரிகளைப் பற்றியது.

அது ஒரு கடிதத்தின் இடத்தில் நிற்கும் பிரதி. அதில் பெயர் இருக்கிறது, முடிவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, மரியாதையான வருத்தமும் இருக்கிறது. அதன் சாரம் இது: தேர்தலில் நிற்பது என்ற முடிவுக்கு முன்பே நானும் என் மனைவியும் 'பில்லி கிரஹாம் விதி'யைப் பின்பற்ற உறுதி எடுத்துக்கொண்டோம். எங்கள் மணவாழ்வின்மீது சந்தேகமோ களங்கமோ எழக்கூடிய எந்தச் சூழலையும் தவிர்ப்பதே அந்த விதி. கேம்ப்பெல் இந்தக் கருத்தைப் பகிர்ந்துகொள்ளாததற்கு வருந்துகிறேன். ஆனால் என் முடிவு என் மனைவிக்கும், நன்னடத்தைக்கும், எங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் தரும் மரியாதையால் எடுக்கப்பட்டது.

வசை இல்லை, மிரட்டல் இல்லை. முதல் வாசிப்பில் எனக்கே 'இதிலென்ன தவறு?' என்றுதான் தோன்றியது. பண்பாகப் பேசும் மறுப்புகளோடு நமக்கு இருக்கும் நெடுநாள் பழக்கம் அப்படித் தோன்றவைக்கிறது. அதனால்தான் இதை வகுப்பறையில் ஒரு பாடலைப் பிரிப்பதுபோல, சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் கடந்துபோகிற இந்தத் தன்மைப் பன்மையைத் தமிழில் எழுதும்போது நாம் நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விலக்கிவிட்டால் 'நாங்கள்'. வேட்பாளர் மேடையில் பேசும்போது எல்லாம் 'நாம்'தான். நம் மாநிலம், நம் பள்ளிகள், நம் சாலைகள். இந்தக் குறிப்பிலோ 'நாங்கள்' மட்டுமே உண்டு. கணவன், மனைவி, அவர்களுடைய நம்பிக்கை. பொதுப்பணிக்கு வாக்குக் கேட்கும் ஒருவர், அந்தப் பணியைக் கண்காணிப்பது தொழிலாக உள்ள ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். கேள்வி ஆளுநர் பதவிக்கான வேட்பாளரிடம் கேட்கப்பட்டது. பதில் ஒரு கணவரிடமிருந்து வருகிறது.

அடுத்தது 'கருத்து'. கேம்ப்பெல் எந்தக் கருத்தையும் முன்வைக்கவில்லை. திருமணம் பற்றியோ கிறிஸ்தவம் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு வேலையைச் செய்ய வேண்டிய வசதியைக் கேட்டார். அந்தக் கோரிக்கையைக் கருத்து வேறுபாடாக மாற்றியவுடன், அதை மறுப்பதும் கருத்துச் சுதந்திரமாகிவிடுகிறது. நிருபர் இப்போது அவருடைய மணவாழ்வை மதிக்காத பெண்ணாக நிற்கிறார். அடுத்து வந்த பதிவில் ஃபாஸ்டர் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: 2019-இலும் ஒருவன் தன் மனைவியோடான உறவை மதித்து நம்பிக்கையைக் காப்பதை இடதுசாரிகளால் நம்ப முடியவில்லையாம். பேச்சு வேலையிலிருந்து ஒழுக்கத்துக்குப் போய்விட்டது. நம் ஊரிலும் பெண்கள் கேட்ட எத்தனை கோரிக்கைகள் இந்த ஒரே வழியாக நடத்திச் செல்லப்பட்டிருக்கின்றன என்று யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது 'மரியாதை'. அந்த மரியாதை யாருக்கெல்லாம் போகிறது என்று பட்டியல் இருக்கிறது: மனைவி, நன்னடத்தை, நம்பிக்கை. மறுக்கப்பட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குக் கிடைப்பது வருத்தம். கூடவே, ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு முன்னால் வரும் 'மிஸ்' என்ற அடைமொழியும் கிடைக்கிறது. மணமானவளா ஆகாதவளா என்று சொல்லாமலே ஒரு பெண்ணை மரியாதையாக அழைக்கலாம் என்பதற்காக அமெரிக்கப் பெண்ணியவாதிகள் போராடிப் பரப்பிய அடைமொழி அது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அதைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டதே 1986-இல்தான். தமிழில் அதை எழுத முனைந்தால் 'திருமதி'யா 'செல்வி'யா என்று கை தயங்குகிறது. மணநிலையைக் கேட்காத ஓர் அடைமொழியைப் போட்டுவிட்டு, முழுக்க மணவாழ்வைப் பற்றியே பேசுகிறது அந்தக் குறிப்பு.

இனி அந்த விதிக்கு வருவோம். பில்லி கிரஹாம் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற நற்செய்திப் பிரசங்கி. 1948-இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அவரும் அவருடைய சகாக்களும் ஒரு விடுதியில் கூடி, பிரசங்கிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் விஷயங்கள் எவை என்று பேசிச் சில உறுதிகளை எடுத்தார்கள். அவை நான்கு. பணத்தில் நேர்மையாக இருப்பது. மனைவியல்லாத பெண்களோடு தனித்திருப்பதைத் தவிர்ப்பது. உள்ளூர்த் திருச்சபைகளைப் பழிக்காதிருப்பது. கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையையும் வெற்றிகளையும் மிகைப்படுத்தாதிருப்பது.

இந்த நான்கில் 'பில்லி கிரஹாம் விதி' என்ற பெயரோடு அரசியலுக்கு வந்து சேர்ந்தது ஒன்று மட்டும்தான். கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல மாட்டேன் என்று கிரஹாம் பெயரால் சபதம் செய்த வேட்பாளரை நான் கேள்விப்பட்டதில்லை. நன்கொடைக் கணக்கை அவர் பெயரால் திறந்து காட்டியவரையும் கேள்விப்பட்டதில்லை. துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ், மனைவியல்லாத பெண்ணோடு தனியாக உணவருந்த மாட்டேன் என்று 2002-இல் சொன்னது 2017-இல் மீண்டும் செய்தியானது; அதன் பிறகு இந்த விதி இன்னும் பிரபலமானது. நான்கு உறுதிகளில் மூன்று, உறுதி எடுப்பவரைக் கட்டுப்படுத்துபவை. நான்காவதன் விலையைப் பெண்ணிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். நிலைத்தது எது என்பதில் எனக்கு வியப்பில்லை.

கிரஹாமே இதை எப்படிக் கையாண்டார் என்பதற்கு அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1989-இல் ஆர்கன்ஸா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் இருந்தபோது, அந்த மாநில ஆளுநரின் மனைவியாக இருந்த ஹிலாரி கிளின்டன் அவரை மதிய உணவுக்கு அழைத்தார். பெண்களோடு தனியே உணவருந்துவதில்லை என்றார் கிரஹாம். எல்லோரும் பார்க்க ஓட்டல் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிடலாமே என்றார் ஹிலாரி. அப்படியே சாப்பிட்டுப் பேசினார்கள். விதியை உருவாக்கியவருக்கே இன்னொரு நாற்காலியைத் தேடிக்கொள்ள முடிந்திருக்கிறது. துணைக்கு ஓர் ஆணைக் கூட்டிவரும் பொறுப்பு அந்தப் பெண்மீது விழவில்லை.

ஃபாஸ்டரின் வண்டியிலும் இது முடிந்திருக்கும். சந்தேகம் வரக்கூடாது என்று நினைப்பவர் தன் ஊழியர் ஒருவரை உடன் ஏற்றிக்கொள்ளலாம். சில நாள்கள் கழித்து சிஎன்என் தொலைக்காட்சியில் இருவரும் ஒன்றாகப் பேசியபோது கேம்ப்பெல் இதைத்தான் கேட்டார்: நீங்கள் வைக்கும் நிபந்தனைக்கு நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டிய ஏற்பாட்டை நான் ஏன் செய்ய வேண்டும்? பெண்ணை முதலில் பாலியல் பொருளாகவும் பிறகே நிருபராகவும் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னார். ஃபாஸ்டரின் பதில், இது என் வண்டி, என் வண்டியில் என் விதிதான் என்பதாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வேறொருவர் நோன்பிருந்தால் நாம் அவர் முன்னால் சாப்பிடாமல் இருப்போம், அது பண்பு. ஆனால் இங்கே விரதம் எடுத்தவர் ஒருவர், பட்டினி கிடக்கச் சொல்லப்பட்டவர் வேறொருவர். இந்த மறுப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

அகப்பாடல்களைப் பாடம் நடத்துகிற எனக்கு, இந்தக் குறிப்பில் வரும் 'சந்தேகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'அலர்' நினைவுக்கு வந்தது. ஊர் தனக்குள் முணுமுணுப்பது அம்பல், மொட்டு நிலை. அது வெளிப்படையாகப் பூத்துப் பரவுவது அலர். தலைவனும் தலைவியும் சந்திப்பதை ஊர் பேசுகிறது. பேச்சு இருவரைப் பற்றியது. விளைவு ஒருவருக்கு: தலைவி வீட்டுக்குள் வைத்துக் காக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று இலக்கணம் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது. தலைவனை யாரும் இற்செறிப்பதில்லை. அவன் தேரில் வருகிறான், இரவுக்குறியில் வருகிறான், வராமலும் இருக்கிறான்.

மிஸிஸிப்பியில் நடந்தது அதே வாய்பாடு, ஒரு திருத்தத்தோடு. இங்கே காதல் இல்லை, களவு இல்லை, அம்பலும் இல்லை. வரக்கூடும் என்று அஞ்சப்படும் அலர் மட்டும் இருக்கிறது. அலருக்கு அஞ்சுபவர் ஆண். ஆனாலும் இற்செறிக்கப்படுபவர் பெண்தான். அச்சம் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டாலும் கதவு பெண்ணின் முகத்துக்கு நேரேதான் சாத்தப்படுகிறது.

புறத்திணையில் வேறொரு காட்சியும் இருக்கிறது. அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவை வாயில்காவலனை நோக்கிப் பாடிய பாடல் புறநானூற்றில் உண்டு. அதிகாரத்தின் வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கோபம் அது. தன் தொழிலில் தனக்கிருக்கும் உறுதியிலிருந்து எழுந்த கோபம். அதே ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனதையும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. சங்ககாலத்தைப் பெண்களின் பொற்காலம் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த வாசலில் நடந்த வழக்கு பாடுபவருக்கும் புரவலருக்கும் இடையிலானது. துணைக்கு ஓர் ஆண் புலவரை அழைத்துவா என்ற சொல் அதில் இல்லை.

'ஒரு வண்டியில் இடம் கிடைக்காதது இவ்வளவு பெரிய விஷயமா?' என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

வாஷிங்டனில் தேசியப் பத்திரிகையாளர் மன்றம் 1908-இல் தொடங்கப்பட்டது. பெண்கள் அதில் உறுப்பினராக முடியாது. அதனால் 1919-இல் தங்களுக்கென ஒரு மன்றம் அமைத்துக்கொண்டார்கள். உலகத் தலைவர்கள் வந்து பேசுவதும், மறுநாள் தலைப்புச் செய்தி ஆவதும் ஆண்களின் மன்றத்தில்தான். 1955-இல் பெண் நிருபர்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது: மாடத்தில் நின்று கேட்கலாம். கீழே ஆண் நிருபர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்பார்கள். மேலே இருந்த பெண்களுக்குச் சாப்பாடும் இல்லை, கேள்வியும் இல்லை. 1963 ஆகஸ்ட் மாதம், வாஷிங்டன் பேரணியின் தலைவர்களில் ஒருவரான ஃபிலிப் ராண்டால்ஃப் அந்த மன்றத்தில் பேச ஒப்புக்கொண்டபோது பெண் பத்திரிகையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கறுப்பின மக்களுக்குப் பேருந்தின் பின்னிருக்கை என்னவோ, அதுவே தங்களுக்கு இந்த மாடம் என்பது அவர்களுடைய வாதம். மன்றத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1971-இல். அதற்கு அடுத்த ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில் வேட்பாளர்களோடு பேருந்திலும் விமானத்திலும் சுற்றிய நிருபர்களைப் பற்றித் திமத்தி க்ரவுஸ் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பே 'பேருந்தில் போன பையன்கள்' என்றுதான் பொருள்படும்.

இடம் கிடைப்பது வேலை கிடைப்பதாகவும் இருந்திருக்கிறது. இதை நன்கு அறிந்தவர் எலினோர் ரூஸ்வெல்ட். கணவர் அதிபராகப் பதவியேற்ற இரண்டாம் நாள், 1933 மார்ச் 6 அன்று, அவர் வெள்ளை மாளிகையில் தன் முதல் செய்தியாளர் கூட்டத்தை நடத்தினார். வரலாம், ஆனால் பெண் நிருபர்கள் மட்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் பத்திரிகைகள் ஆள்குறைப்புச் செய்துகொண்டிருந்த காலம் அது. அதிபரின் மனைவி சொல்வது செய்தி. அதைக் கேட்க ஒரு பெண் வேண்டும். ஆகவே ஒரு பெண்ணையாவது வேலையில் வைத்திருக்க வேண்டும். வாசல் யாருக்குத் திறக்கிறது என்பது சம்பளப் பட்டியலில் யார் இருப்பார் என்பதையும் முடிவு செய்தது.

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் முக்கிய வேட்பாளர்கள் பெண் நிருபரோடு தனியே வர மாட்டேன் என்கிறார்கள் என்று வையுங்கள். செய்தி ஆசிரியர் என்ன செய்வார்? ஒரு பெண்ணை அனுப்ப இரண்டு பேரின் நேரம் செலவாகும். ஓர் ஆணை அனுப்ப ஒருவரின் நேரம் போதும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத ஆசிரியர்கூட அடுத்தமுறை பையனைத்தான் அனுப்புவார். அந்தப் பையன் 15 மணி நேரம் வேட்பாளரின் அருகில் உட்கார்ந்து வந்தவனாகிறான். வேட்பாளர் ஜெயித்தால் அவன் தொலைபேசி எடுக்கப்படும். இது கற்பனையான ஆபத்தும் இல்லை. ஃபாஸ்டரின் சர்ச்சைக்குப் பிறகு, அதே கட்சியின் இன்னொரு வேட்பாளரும் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதியுமான பில் வாலர், தானும் இந்த விதியைப் பின்பற்றுவதாகச் சொன்னார். நிருபரைத் தாண்டியும் இது போகும். ஆளுநரிடம் தனியே பேச முடியாத ஒரு பெண் அவருடைய தலைமை அதிகாரியாக எப்படி இருப்பார்? நெருக்கடி நேரத்தில் சுகாதாரத் துறையின் பெண் தலைவர் யாரைத் தேடித் துணைக்கு அழைத்து வருவார்? பெண் வாக்குரிமை தந்த 1920-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 1984-இல், எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக ஒப்புதல் தந்த மாநிலம் மிஸிஸிப்பி. இதுவரை அங்கே ஒரு பெண்ணும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை.

எதிர்வாதங்களைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. தன் மணவாழ்வைக் காக்க ஒருவர் தனக்கு விதி வகுத்துக்கொள்வது அவர் உரிமை. பொய்யான படங்கள் பரவும் காலத்தில் வேட்பாளரின் அச்சமும் பொய்யானது என்று சொல்ல முடியாது. இன்னொரு வாதம் எங்கள் தரப்பிலிருந்தே வரும்: தனியாக ஓர் ஆணின் வண்டியில் 15 மணி நேரம் போக வேண்டாம் என்று பெண்ணுக்கு நாமே சொல்வதில்லையா? அதிகாரத்தில் இருக்கும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் 2017-இல் வாய்திறந்து பேசத் தொடங்கியதே மூடிய அறைகளைப் பற்றித்தானே?

சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் குறிப்பு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு மூத்த கவிஞரைச் சந்திக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் மிக அன்பாகப் பேசினார். "தனியா வராதம்மா, யாரையாவது கூட்டிக்கிட்டு வா" என்றார். தம்பி அப்போது ஒரு பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் போன நாளெல்லாம் அவனுக்குக் கூலி இல்லை. பேருந்துக்கு இரண்டு டிக்கெட். அவன் திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கேள்விகளைச் சுருக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன். என்னோடு ஆய்வு செய்த ஒரு நண்பர் அதே வீட்டுக்கு மாலையில் தனியாகப் போவார், இரவுச் சாப்பாடு வரை இருப்பார். கவிஞர் தன் கையெழுத்து நோட்டுகளை எடுத்துக் காட்டியது அந்த மாலைகளில்தான். அவை இருக்கின்றன என்பதே எனக்கு நண்பரின் ஆய்வேட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. கவிஞர் என்னிடம் எந்தத் தவறும் செய்யவில்லை. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருடைய பண்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். தம்பியின் பெயர் அதில் இல்லை.

போன ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி தன் ஆய்வுத்திட்டத்துக்காக உள்ளூர் அரசியல்வாதி ஒருவரைப் பேட்டி காணப் போக வேண்டியிருந்தது. யோசிக்காமலே, "அண்ணனைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"வேண்டாம்மா," என்றாள். "அண்ணன் வந்தா நான் கேட்கிற கேள்விக்கும் அவனைப் பார்த்துத்தான் பதில் சொல்வாங்க."

நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிப் பார்க்காததை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். துணை என்று வருபவர் வெறும் துணையாக இருப்பதில்லை. அவர் வந்ததும் உரையாடலின் மையம் இடம் மாறுகிறது. கேம்ப்பெல் ஓர் ஆண் சக ஊழியரோடு அந்த வண்டியில் ஏறியிருந்தால் 15 மணி நேரமும் வேட்பாளர் யாரைப் பார்த்துப் பேசியிருப்பார் என்பதை என் மாணவியிடம் கேட்டால் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண் தன் பாதுகாப்புக்காகத் துணையைத் தேர்ந்தெடுப்பது அவள் கையில் இருக்கும் முடிவு. வேண்டும்போது அழைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். ஓர் ஆண் தன் நற்பெயருக்காக அவள்மேல் துணையைச் சுமத்துவது அவள் வேலைக்கு விதிக்கப்படும் வரி. இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஒன்றில் ஆபத்தை எடை போடுபவள் அவள். மற்றதில் அவளே ஆபத்து. மூடிய அறைகளைப் பற்றிப் பேசிய பெண்கள் கேட்டது, தங்களிடம் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி. தங்களை அறைக்குள் சேர்க்காதிருக்கும்படி அல்ல. அந்தப் பேச்சுக்குக் கிடைத்த பதில் 'அப்படியானால் உள்ளே வராதே' என்பதாக இருந்தால், அதைப் பண்பு என்று ஏற்க முடியாது.

அந்தக் குறிப்பில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். ஃபாஸ்டரின் மனைவி. முடிவில் அவரும் பங்காளி என்று சொல்லப்படுகிறது. அவருக்கு மரியாதை என்று சொல்லப்படுகிறது. குறிப்பின் கீழே இருக்கும் பெயர் ஒன்றுதான். அவர் உண்மையிலேயே அப்படி நினைத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரதியில் அவருக்குள்ள வேலை ஒரு பெண்ணை மறுப்பதற்கு இன்னொரு பெண்ணின் பெயரைத் தருவது. மனைவியையும் நிருபரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் இருப்பவர் நல்லவராகிவிடுகிறார்.

2019 ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில் ஃபாஸ்டர் மூன்றாவதாக வந்தார். டேட் ரீவ்ஸ் ஆளுநரானார். அந்தத் தோல்விக்கு இந்தச் சர்ச்சை காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்ச்சையால் அவருக்குப் புகழும் கிடைத்தது. நாடு முழுவதும் அவர் பெயர் பேசப்பட்டது. நீதி கிடைத்த கதையாக இதை முடிக்க இயலாது.

முடிவாக ஒன்றைச் சொல்லலாம். கேம்ப்பெல் வேலை செய்த அதே செய்தி நிறுவனத்தின் இன்னொரு பெண் நிருபர் அன்னா வுல்ஃப். மிஸிஸிப்பியின் முன்னாள் ஆளுநர் ஒருவர், ஏழைகளுக்கான நலநிதியிலிருந்து பல மில்லியன் டாலரைத் தன் குடும்பத்தாரும் நண்பர்களும் பயன்பெறும்படி திருப்பிவிடத் தன் பதவியைப் பயன்படுத்தியதை அவர் எழுதி வெளிக்கொணர்ந்தார். 2023-இல் அதற்காக அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆளுநர் பதவியின் அருகில் நிருபர்கள் எதற்காக நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. வண்டியில் இடம் தராவிட்டாலும் பெண்கள் வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்பதற்கான சான்றாக இதை நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம்மை மாடத்தில் நிற்க வைத்தார்கள்.

என் மாணவி தனியாகத்தான் போனாள். எந்த இடம், எத்தனை மணி, யார் எண்ணுக்குச் செய்தி அனுப்புவாள் என்பதையெல்லாம் அவளே முடிவு செய்தாள். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு துறை அறையில் உட்கார்ந்திருந்தேன். பேட்டி பதினெட்டுப் பக்கம் வந்தது. எல்லாப் பதிலும் அவளைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.